பின் சீட்ல உக்காந்து உங்க ஊருக்கு வந்தவன் எழுதுறேன்

தரங்கம்பாடி ஊர்க்காரங்களுக்கும் பேரூராட்சில பொறுப்புல இருக்கிறவங்களுக்கும் வணக்கம்ங்க. நான் கோத்தகிரில டாக்ஸி ஓட்டுறவன். போன மாசி மாசம் உங்க ஊருக்கு வீடு பாக்க வந்திருந்தேன். கோட்டை மைதானத்து ஓரமா டிஎன் 43 நம்பர் போட்ட வெள்ளை வண்டி ஒண்ணு ரெண்டு நாளா நின்னுச்சே, அது எங்க வண்டி தான். ஓட்டிட்டு வந்தது என் மச்சான். அப்பாவுக்கு முட்டி வலி, கால நீட்டணும்னு முன் சீட்ட அவருக்கு குடுத்துட்டோம், அதனால பதினெட்டு வருஷ சர்வீஸ்ல மொத தடவையா நான் பின் சீட்ல உக்காந்து ஒரு ஊருக்குள்ள போறேன், அதுவும் ப்ராப்பர்ட்டி பாக்க. இந்த லெட்டர் எழுதுறதுக்கு காரணமே அந்த பின் சீட்டு தான்.

எங்க ஊர்ல நிலம் பாக்க வர்றவங்கள கூட்டிட்டு சுத்துறது என் பொழப்புல பாதி. பின் சீட்ல என்ன பேசுவாங்கன்னு எனக்கு மனப்பாடம். டிரைவருக்கு காது கிடையாதுன்னு நெனச்சுக்கிட்டு பேசுவாங்க. இந்த டீச்செடிய தூக்கிட்டா வியூ கிடைக்கும், லோக்கல் ஆளுக்கு வேல்யூ தெரியாது இப்பவே முடிச்சிரணும், மூணு வருஷம் சும்மா போட்டு வச்சா கூட டபுள். இதெல்லாம் கேட்டு கேட்டு புளிச்சுப் போச்சு. அப்படிப்பட்ட நான் உங்க ராணித் தெருவுல வண்டி மெதுவா போறப்ப, திண்ணை இடிஞ்சு கதவுல பூட்டு தொங்குற ஒரு வீட்ட பாத்து என்ன சொன்னேன் தெரியுங்களா? "இவங்களுக்கு இதோட மதிப்பே தெரியல மச்சான், இப்ப வாங்கி போட்டா..." அதோட நிறுத்திட்டேன். மச்சான் கண்ணாடி வழியா என்னைய பாத்து சிரிச்சான். அப்பா ஒண்ணும் சொல்லல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

முதல்ல நாங்க ஏன் கடலுக்கு வர்றோம்னு சொல்லிடுறேன். எங்க குடும்பம் சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம். 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, அந்த கணக்குல 1970கள்ல கண்டிப் பக்கத்துல இருந்து கிளம்பி, தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அப்புறம் மலைக்கு வந்தவங்க. எங்க பாட்டிக்கு கடல்னா அந்த ஒரு கப்பல் தான், சாகுற வரைக்கும் அத பத்தி தான் பேசும். அப்பா ஒரு எஸ்டேட்ல வேலை பாத்தாரு, ரிட்டையர் ஆன கொஞ்ச நாள்லயே எஸ்டேட்ல குடுத்திருந்த லைன் வீட்ட காலி பண்ண சொல்லிட்டாங்க, அப்புறம் தான் கஷ்டப்பட்டு கோத்தகிரில நாலு சென்ட் பட்டா இடத்துல ஒரு ஓட்டு வீடு. இப்ப அவருக்கு மூச்சு எளைப்பு, மார்கழி தை மாசத்துல ராத்திரி படுக்கவே முடியாது, டாக்டர் கீழ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருன்னு சொல்லிட்டாரு. எங்க நாலு சென்ட்ட பெங்களூர் பார்ட்டி ஒருத்தர் கேக்குறாரு. அவர் குடுக்குற காசுக்கு எங்க ஊர்ல அடுத்த தெருவுல ஒரு ரூம் கூட வராது, ஆனா உங்க ஊர்ல கிணறு, திண்ணை, முற்றம், தேக்குத் தூணோட ஒரு முழு வீடே வரும்னு ப்ரோக்கர் போன்ல சொன்னாரு. அத கேட்டு தான் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயமுத்தூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைன்னு ஒரு பகல் ஃபுல்லா ஓட்டி வந்தோம்.

வந்து இறங்கினதும் ப்ரோக்கர் ஆரம்பிச்சது ஓசோன்ல. "சார் இங்க வீசுறது ஓசோன் காத்து சார், டாக்டரே வேண்டாம்." எங்க ஊர் ப்ரோக்கருங்க இதையே சுவிட்சர்லாந்து கிளைமேட்டுன்னு சொல்வாங்க. அப்புறம் மாயவரம் தனி மாவட்டம் ஆயிருச்சு, 2020லயே ஆயிருச்சு, விழுப்புரத்துல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் நாலு வழிச்சாலை, காரைக்கால் பக்கத்துல, பூம்புகார் பக்கத்துல, பாண்டிச்சேரில என்ன நடந்துச்சோ அது இங்கயும் நடக்கும் சார்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் கடலோர சட்டம் என்ன ஆகும்னு கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைய கேட்டதும் எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா எங்க மலை கெட்டதே இந்த வார்த்தைல தான்.

உங்க ஊரோட கதைய அப்பாவுக்கு நான் தான் படிச்சு சொன்னேன். பழைய பேரு சடங்கன்பாடி. மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் காலத்துது, 1306, அதுல பாதிய கடல் எடுத்துக்கிச்சு. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரங்களுக்கு எடம் குடுக்க, அவங்க கோட்டை கட்டுனாங்க. 1706ல சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் வந்து, அப்புறம் அச்சுக்கூடம் வச்சு தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு 1715ல முடிச்சாங்க. எல்லாம் பெருமை தான். ஆனா எனக்கு தைச்சது வேற ஒண்ணு. 1845ல டென்மார்க்காரன் உங்க ஊரையும் கல்கத்தா பக்கத்துல இருக்க செராம்பூரையும் சேத்து இங்கிலீஷ்காரனுக்கு 12.5 லட்ச ரூபாய்க்கு வித்துட்டுப் போயிட்டான். ஊரையே கிரயம் பண்ணிட்டான்ங்க. குடியிருந்தவங்க யாரையும் கேக்கல. வாங்குனவனுக்கு அந்த துறைமுகம் தேவைப்படல, 1861ல ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வியாபாரம் அங்க போயிருச்சு, உங்க ஊரு அப்படியே தூங்கிருச்சு. மாயவரத்துல இருந்து உங்க ஊருக்கு வந்துட்டு இருந்த ரயிலையும் 1980கள்ல நிறுத்திட்டாங்க. அப்புறம் 2004 டிசம்பர் 26.

எங்க மலையும் அதே மாதிரி தான் ஆரம்பிச்சுச்சு. 1819ல கோயமுத்தூர் கலெக்டரா இருந்த சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்தாரு, கண்ணேரிமுக்குல அவர் பங்களா இன்னும் இருக்கு. அப்புறம் ஊட்டில தோடர்ங்ககிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்குனாருன்னு சொல்வாங்க. அந்த ஒரு ரூபாய்ல ஆரம்பிச்ச கிரயம் இன்னும் முடியல.

நீங்க இப்ப நிக்கிற எடத்துல நாங்க 2000ல நின்னோம். அதுவரைக்கும் சிறு விவசாயிங்க பச்சைத் தேயிலைய ஃபேக்டரிக்கு குடுத்து நல்லா இருந்தாங்க, புள்ளைங்கள காலேஜ் படிக்க வச்சாங்க, வீடு கட்டுனாங்க. ரஷ்யாக்காரன் வாங்குறது குறைஞ்சுச்சு, வெலை சரிஞ்சுச்சு, கிலோ அஞ்சு ஆறு ரூபாய்க்கு வந்துருச்சு, பறிக்கிற கூலிக்கே பத்தாது. அப்ப தான் கீழ இருந்து காருங்க வர ஆரம்பிச்சுச்சு. யாரும் கெட்டவங்க இல்லைங்க, நல்லா சிரிச்சுப் பேசுவாங்க, டீ வாங்கிக் குடிப்பாங்க, உங்க ஊர் சொர்க்கம்பாங்க. கடன்ல இருந்தவன் வித்தான். பொண்ணு கல்யாணம் வச்சிருந்தவன் வித்தான். பக்கத்துக்காரன் வித்துட்டான்னு பயந்து வித்தவனும் உண்டு. அந்த காசு ரெண்டு மூணு வருஷத்துல கரைஞ்சு போச்சு, இப்ப அதே தோட்டத்துல வாட்ச்மேனா இருக்க ரெண்டு பேர எனக்கு தெரியும்.

இதுல என் பங்கும் இருக்கு. பார்ட்டிய கூட்டிட்டு வந்து வெலை படிஞ்சா ப்ரோக்கர் எனக்கு தனியா ஒரு கவர் குடுப்பாரு. வாங்கிருக்கேன். எங்க வீட்டுக்கு மேல ஒரு சரிவு, அதுக்கு ஊடால தான் எங்க தெருப் பொம்பளைங்க தோட்ட வேலைக்கு போற ஒத்தையடிப் பாதை, அதுலயே ஒரு ஊத்து, வெயில் காலத்துல குழாய்ல தண்ணி வரலைன்னா நாங்க எல்லாரும் குடம் தூக்குறது அங்க தான். அந்த சரிவுக்கு பார்ட்டிய கூட்டிட்டு வந்தது நான். ஆறு மாசத்துல கம்பி வேலி, சிமெண்ட் தூணு, பெரிய கேட்டு. பாதை போச்சு, ஊத்து உள்ள போச்சு. டீச்செடிய புடுங்கிட்டு புல்லு போட்டாங்க, புல்லு தின்ன காட்டுமாடு வந்துச்சு, அது வந்ததும் வேலிக்கு கரண்ட் குடுத்தாங்க. எங்க அம்மா அப்ப உயிரோட இருந்துச்சு, குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு அந்த கேட்டு முன்னாடி நின்னுச்சு, நான் வண்டில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். கூட்டிட்டு வந்தது நான் தான்னு அதுக்கு கடைசி வரைக்கும் தெரியாது. அந்த பங்களால வருஷத்துக்கு ஒரு பத்து பதினஞ்சு நாள் லைட் எரியும், மிச்ச நாள் இருட்டு.

சட்டம் இல்லாம இல்லைங்க. மலைக்கட்டட விதி 1993லயே வந்துருச்சு, 7 மீட்டருக்கு மேல ஒசரம் கூடாது, அதுக்கும் முன்னாடியே 1990ல மலைப் பகுதிய பாதுகாக்க ஹாக்கான்னு ஒரு கமிட்டி, ஜேசிபி ஓட்டக்கூட கலெக்டர் பர்மிஷன் வேணும். எல்லாத்துக்கும் "பாத்துக்கலாம் சார்" இருந்துச்சு. 2009 நவம்பர்ல மழை பெஞ்சப்ப மலை பேசுச்சு, நாற்பது பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனாங்க, நான் ரோட்ல மாட்டிக்கிட்டு ஒரு ராத்திரி ஃபுல்லா வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன், முன்னாடியும் மண்ணு பின்னாடியும் மண்ணு. அப்புறம் கூட்டம் தாங்காம 2024 மே மாசம் ஐகோர்ட்டு சொல்லி இ-பாஸ் வந்துச்சு, மறு வருஷம் சீசனுக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. வண்டிக்கு கணக்கு வச்சாச்சு. பூட்டிக் கிடக்குற பங்களாவுக்கு கணக்கு வைக்க ஆள் இல்ல.

சரி, உங்க ஊருக்கு வர்றேன். நீங்க எங்கள விட ஒரு விஷயத்துல குடுத்து வச்சவங்க. உங்க ஊர்ல நல்லபடியா சரி பண்ண வீடு எப்படி இருக்கும்னு காட்ட சாம்பிள் இருக்கு. கவர்னர் பங்களாவ டென்மார்க் மியூசியத்துக்காரங்களும் நம்ம அரசாங்கமும் சேந்து நிமித்தியிருக்காங்க, சுனாமிக்கு அப்புறம் பழைய கட்டடங்கள காப்பாத்துற இன்டாக் அமைப்புக்காரங்க கோல்ட்ஸ்மித் தெருவுல பழைய வீடுகள பழைய மாதிரியே சரி பண்ணியிருக்காங்க, 1792ல கட்டுன ஊர் வாசல் வெள்ளையா நிக்குது. இதெல்லாம் பாத்துட்டு தான் என்னைய மாதிரி ஆளு வர்றான். அதாவது ஊர அழகு பண்ண பண்ண வாங்குறவன் வருவான். அந்த வேலைய நிறுத்தணும்னு நான் சொல்லல, வேலை நடக்குறப்பவே யார் வாங்குறா எதுக்கு வாங்குறான்னு ஊரு கேக்கணும்னு சொல்றேன். எங்க ஊர்ல யாரும் கேக்கல, கேக்கணும்னே தோணல.

நாங்க மூணு வீடு பாத்தோம். மொத வீடு கடல பாத்து இருந்துச்சு, வெலை ரொம்ப கம்மி, எனக்கு அதுவே சந்தேகம். பேப்பர கேட்டா ப்ரோக்கர் ஒரு பவர் பத்திரத்தோட ஜெராக்ஸ நீட்டுறாரு, தாய்ப்பத்திரம் இல்ல. சுனாமிக்கு அப்புறம் கடல்ல இருந்து 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு உள்ள தள்ளி புது வீடு குடுத்தப்ப, வாங்கிக்கிறவங்க பழைய மனைய அரசாங்கத்துக்கு விட்டுக் குடுக்கணும்னு தான் ஆணை. அப்படி விட்ட மனைய யாராச்சும் கைமாத்தி விக்கிறாங்கன்னா வாங்குறவனும் முழுகுவான், பேரு கெடுறது உங்க ஊருக்கு. அதுபோக உச்ச அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் சிஆர்இசட், அதான் அந்த கடலோர சட்டத்து கணக்கு, ஏற்கனவே கட்டடம் நெறைஞ்ச ஊர்ப் பகுதின்னா கூட இருக்கிற ரோட்டுக்கு அந்தப்பக்கம், கடல் பக்கமா புதுசா எழுப்ப முடியாது. ப்ரோக்கர் என்கிட்ட "பின்னாடி ரெண்டு மாடி ரிசார்ட் போட்டுக்கலாம் சார்"ங்கிறாரு. என் மூஞ்சில ரிசார்ட் கட்டுற களையாங்க இருக்கு?

ரெண்டாவது வீடு நல்ல வீடு, ஆனா அடிமனை கோயிலுக்கு, மேல் கட்டடம் மட்டும் தான் அவங்களுது. எங்க மலைல இந்த அடிமனைங்கிற வார்த்தையே கிடையாது, அப்பாவுக்கு வெளக்கி சொல்றதுக்குள்ள பொழுது போயிருச்சு. கோயிலுக்கு பகுதி, அதான் மனை வாடகை, கட்டிக்கிட்டு இருக்கலாம், ஆனா கிரயம்னு சொல்லி ஃபுல் வெலை கேக்குறாங்க. வெளியூர்க்காரன் இது தெரியாம வாங்கி அப்புறம் கோயில் மேலயும் ஊரு மேலயும் கேஸ் போடுவான். அதுக்கு தான் பேரூராட்சிகாரங்ககிட்ட கேக்குறேன், ஆபீஸ் வாசல்ல ஒரு பெரிய மேப்பு மாட்டுங்க, எந்த சர்வே நம்பர் எதுல வருது, சிஆர்இசட் எது, கோட்டைய சுத்தி தொல்லியல் துறைய கேக்காம கை வைக்கக் கூடாதது எது, கோயில் மனை எது, சர்ச் நிலம் எது, புறம்போக்கு எது, எல்லாத்தையும் தமிழ்ல கலர் போட்டு மாட்டுங்க. பெரிய செலவு ஆகாது. வாங்குறவன் அத பாத்துட்டு தான் ப்ரோக்கர்கிட்ட போவான், நேர்மையா விக்கிறவனுக்கும் வெலை ஏறும். வில்லங்கச் சான்று ஆன்லைன்ல எடுத்தரலாம் தான், ஆனா வில்லங்கத்துல கடலும் வராது அலையும் வராது.

மூணாவது வீடு தான். ஓட்டுத் தாழ்வாரம், உள்ள மெட்ராஸ் டெரஸ் கூரை, ரெண்டு தேக்குத் தூணு, பின்னாடி கிணறு. தண்ணி எடுத்து குடிச்சு பாத்தேன், கொஞ்சம் தான் கரிச்சுச்சு. செவுரு சுண்ணாம்புக் காரை, கீழ்ப்பக்கம் யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க, அங்க மட்டும் உப்பு பூத்து பொரிஞ்சு விழுது. உங்க ஊர் மேஸ்திரி ஒருத்தர் அங்க வேலைக்கு வந்திருந்தாரு, அவர் சொன்னாரு, சுண்ணாம்பு மூச்சு விடும் தம்பி, சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே நின்னு செங்கல்ல அரிச்சிரும்னு. எங்க ஊர்ல ஈரம், உங்க ஊர்ல உப்பு, ரெண்டும் வீட்ட தின்னுரும். அந்த மேஸ்திரிக்கு அறுபத்தஞ்சு வயசு இருக்கும், கைக்கு அடியில ஒரு பையன் கூட இல்ல. வெளியூர்க்காரன் வீடு வாங்குறதுல உங்க ஊருக்கு கிடைக்கிற ஒரே நல்லது இந்த வேலை தான், அதையும் சென்னைல இருந்து காண்ட்ராக்டர் வந்து எடுத்துட்டு போயிட்டா அப்புறம் உங்க பசங்களுக்கு வாட்ச்மேன் வேலை மட்டும் தான் மிஞ்சும். அவர்கிட்ட நாலு பசங்கள சேத்து விடுங்க, சுண்ணாம்பு அரைக்க தெரிஞ்ச கைக்கு அடுத்த இருபது வருஷம் உங்க தெருவுலயே வேலை இருக்கு. இத ஏன் அழுத்தி சொல்றேன்னா எங்க ஊர்ல கல் கட்டடம் கட்டத் தெரிஞ்ச கைங்க எல்லாம் போயிருச்சு, இப்ப பங்களாவுக்கு கல் ஒட்டுறதுக்கு கூட வெளிய இருந்து ஆள் வருது.

அந்த வீட்டுக்கு வாரிசு அஞ்சு பேரு, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் சென்னை, மிச்சம் மாயவரம். எல்லாரும் கையெழுத்து போட ரெடின்னு ப்ரோக்கர் சொன்னாரு. வெலை எங்க கைக்கு எட்டுற வெலை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ப்ரோக்கர் கமிஷன், ரிப்பேரு எல்லாம் போட்டு பாத்தாலும் கைல கொஞ்சம் மிஞ்சும். அப்பா திண்ணைல உக்காந்துட்டாரு, எந்திரிக்கவே இல்ல. கடல் காத்து வருதுல்ல, மூச்சு லேசா இருக்குடான்னாரு. ராமானுஜம் கப்பல்ல வந்தப்ப அவருக்கு பன்னெண்டு வயசு, வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாராம், அத சொல்லி சிரிச்சாரு. எனக்கு மனசு முடிவு பண்ணிருச்சு, பையில அட்வான்ஸ் பணம் இருந்துச்சு.

அப்ப தான் உள்ள இருந்து ஒரு அக்கா தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. நான் வீட்டுக்காரங்க சொந்தம்னு நெனச்சேன். இல்ல, வாடகைக்கு இருக்காங்க, பதினாலு வருஷமா. வீட்டுக்காரர் மீன் ஏலத்துல கூலி வேலை, ரெண்டு புள்ளைங்க, முன் ரூம்ல காலைல இட்லி போட்டு விக்கிறாங்க. அந்த கிணத்துல இன்னும் தண்ணி இருக்குன்னா அவங்க தூர் வாரி வச்சதால தான், அந்த கூரை இன்னும் நிக்குதுன்னா மழைக்கு மழை அவங்க ஏறி இலை அள்ளுறதால தான். அவங்களுக்கு வீடு விக்கிற விஷயமே தெரியாது. நாங்க யாருன்னு கேட்டாங்க, நான் முழிச்சேன். வெளிய வந்து ப்ரோக்கர்கிட்ட கேட்டா, "அது ஒண்ணும் இல்ல சார், ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துருவோம்"ன்னாரு.

லைன் வீட்ட காலி பண்ண சொன்னப்ப எங்க அப்பா ஒரு வாரம் சாப்பிடல. திரும்பி அவர பாத்தேன், அவர் காதுலயும் விழுந்திருந்துச்சு. திண்ணைல இருந்து மெதுவா எந்திரிச்சு வண்டிக்கு போயிட்டாரு. நாங்க மாயவரம் தாண்டுற வரைக்கும் யாரும் பேசல.

இது தாங்க நான் உங்ககிட்ட கேக்க வந்தது. ஊர் நிமிருது, சந்தோஷம். ஆனா பூட்டிக் கிடக்குற வீடு வேற, ஆள் இருக்கிற வீடு வேற. பூட்டிக் கிடக்குறத வித்தா ஊருக்கு ஒரு அடுப்பு கூடுது, ஆள் இருக்கிறத வித்து, வாங்குனவன் பூட்டிட்டுப் போனா ஒரு அடுப்பு அணையுது. எங்க ஊர்ல அணைஞ்ச அடுப்புங்கள நான் எண்ணியிருக்கேன், எங்க தெருவுல மட்டும் ஒம்போது, பக்கத்து பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புக்கு புள்ளைங்கள தேடுறாங்க. உங்க தெருவுல யாராச்சும் விக்கிறதா இருந்தா மொத வார்த்தை அதுல குடியிருக்கிறவங்களுக்கு போகணும்னு ஊர் கூடி ஒரு பேச்சு வச்சுக்கங்க, சட்டம் இல்லாட்டி என்ன, ஊர்ப் பேச்சுக்கு இன்னும் மரியாதை இருக்குல்ல. அப்புறம் எல்லாத்தையும் கிரயம் பண்ணணும்னும் கிடையாது. பத்து வருஷம் பதினஞ்சு வருஷம்னு குத்தகைக்கு விடுங்க, ஒரு வருஷத்துக்கு மேல போனா ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், ரெண்டு பக்கமும் பாதுகாப்பு, ரிப்பேர் செலவு வர்றவனுது, மனை உங்களுது. ஹோட்டல்காரன் அதுக்கு ஒத்துக்கலைன்னா அவனுக்கு வேணும்ங்கிறது வீடு இல்ல, நிலம்.

கடலுக்கு போற சந்து ஒண்ணையும் விட்றாதீங்க. வலை காய வைக்கிற எடத்துல சேர் போட்டு குடை விரிக்க ஆரம்பிச்சா அடுத்தது கயிறு, கயிறுக்கு அப்புறம் கேட்டு. நான் சொல்றது வயித்தெரிச்சல் இல்ல, எங்க ஊத்து அப்படித்தான் போச்சு. போர்வெல்லும் அதே தான், வீட்டுக்கு ஒண்ணு ஓட்டி ரூமுக்கு ரூம் ஷவர் வச்சு உறிஞ்சுனா நல்ல தண்ணி எறங்குற எடத்துக்கு கடல் உள்ள வந்துரும், அப்புறம் அந்த அக்கா கிணத்துலயும் உப்பு தான். இட்லிக்கு ஊறப்போட எங்க போவாங்க?

எனக்கு இன்னும் உங்க ஊர்ல வீடு வேணும்ங்க. பெரிய மனுஷன் மாதிரி புத்தி சொல்லிட்டு பின்வாங்குறேன்னு நெனச்சுக்காதீங்க. எங்க நாலு சென்ட்டயும் பெங்களூர் பார்ட்டிக்கு குடுக்கல, எங்க தெருவுலயே வாடகைக்கு இருக்கிற ஒரு பையன்கிட்ட பேசிட்டு இருக்கேன், அவன் தவணைல குடுப்பான், அதனால என் பட்ஜெட் குறையும். ஆள் இல்லாம பூட்டிக் கிடக்குற வீடு, பேப்பர் சுத்தமா இருந்தா சின்னதா இருந்தாலும் போதும், குத்தகைன்னாலும் சரி, வருஷம் பன்னெண்டு மாசமும் அப்பா அங்க இருப்பாரு, நான் மாசம் ஒருதரம் வந்து போவேன். வர்ற ஆனி மாசம் சீசன் முடிஞ்சு வண்டிக்கு வேலை குறைஞ்சதும் வருவேன், இந்த தடவை ப்ரோக்கர் இல்லாம, வர்க்கி ஒரு பெட்டி எடுத்துக்கிட்டு, முதல்ல பேரூராட்சி ஆபீசுக்கு. மேப்பு இருந்தா பாப்பேன், இல்லைன்னா நீங்களே வாயால சொல்லுங்க.

அதுக்குள்ள ஒரு உதவி. முன் ரூம்ல இட்லி போடுற அந்த அக்காவ உங்கள்ல பாதிப் பேருக்கு தெரிஞ்சிருக்கும். கோத்தகிரில இருந்து வந்த வெள்ளை வண்டிக்காரன் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலைன்னு அவங்ககிட்ட யாராச்சும் சொல்லிருங்க. வீடு வெலைக்கு வந்திருக்குங்கிறதையும் சேத்தே சொல்லிருங்க, அன்னைக்கு அவங்க கேட்டப்ப எனக்கு சொல்ல வாய் வரல.